பாரிஸிலிருந்து எந்தப் பக்கம்? 13 இரவு, மூன்று வழி

தம்பி அனுப்பிய எக்செல் தாளில் 13 இரவுகளுக்கு எட்டு ஊர்கள் இருந்தன. பாரிஸ், மோன் சேன் மிஷேல், லுவார் அரண்மனைகள், போர்தோ, கார்கசோன், அவிஞோன், நீஸ், லியோன், திரும்பப் பாரிஸ். வரைபடத்தில் பார்த்தால் அழகான வட்டம்தான். கூட்டிப் பார்த்தேன், ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர். ஒரே வேனில் ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாவற்றையும் ஐந்து நாளில் முடித்துவிட்டு வந்த குடும்பம் எங்களுடையது. அதனால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

வருவது ஐந்து பேர். தம்பி, அவன் மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், எழுபதை நெருங்கும் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சைவம், முட்டையும் ஆகாது. வண்டி ஓட்டப்போவது நான். ஜூலை 15 புதன் மாலை வருகிறார்கள், 28 செவ்வாய் கிளம்புகிறார்கள். (ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் தேசிய நாள் வாணவேடிக்கையைப் பார்த்திருக்கலாம். டிக்கெட் விலை ஒத்துவரவில்லையாம்.) பாரிஸ் புறநகரில் குடியேறிய பிறகு மேற்கு, தென்மேற்கு, தெற்கு என்று மூன்று பக்கமும் கோடையில் வண்டி ஓட்டியிருக்கிறேன். "மூணுல எதுன்னு நீயே சொல்லிடுண்ணா" என்றான். ஒரே வரியில் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்கவேண்டிய இடங்களை வைத்து வழியை முடிவு செய்யக்கூடாது என்பது என் கட்சி. எத்தனை முறை படுக்கை மாறுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே விடுதிகளில் காலை 11 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த இடத்தில் மாலை நான்குக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் ஆறு பேரின் பெட்டிகளும் வண்டியிலேயே கிடக்கும். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால், தம்பியின் தாளில் எட்டு மாற்றம், அதாவது நான்கு முழு நாள். 13 நாளில் நான்கு நாள் பெட்டி கட்டவும் அவிழ்க்கவும் போய்விடும்.

இரண்டாவது விஷயம் சனிக்கிழமை. பிரெஞ்சுக்காரர்கள் கோடை விடுமுறைக்குக் கிராமத்து வீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். ஜீத் என்று பெயர். சமையலறை, தோட்டம், சில வீடுகளில் சின்ன நீச்சல்குளம்கூட இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் இந்த வீடுகளை பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் தருவார்கள். பாதி நாடு ஒரே நாளில் சாலைக்கு வந்துவிடுவது இதனால்தான். இதற்கென்றே 1976இலிருந்து பிஸோன் ஃபுத்தே என்ற அரசுச் சேவை இருக்கிறது. எந்த நாள், எந்தத் திசையில் நெரிசல் எப்படி என்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என நிறம் போட்டு முன்கூட்டியே நாட்காட்டி வெளியிடும். ஜூலைக்காரர்கள் திரும்பி ஆகஸ்டுக்காரர்கள் கிளம்பும் அந்த ஒரு சனிக்கிழமை, சில ஆண்டுகளில் நாடு முழுவதும் சேர்த்து 1,000 கிலோமீட்டருக்கு மேல் வண்டிகள் வரிசையில் நின்றிருக்கின்றன. தம்பி குடும்பம் அதற்கு முன்பே விமானம் ஏறிவிடுவது நல்ல காலம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மேற்கு: நார்மண்டி, பிரிட்டனி, கொஞ்சம் லுவார்

பாரிஸிலிருந்து பாயூ 265 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பாயூ என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது 11ஆம் நூற்றாண்டின் அந்த 70 மீட்டர் சித்திரத்துணி. அதை இப்போது பார்க்க முடியாது. அருங்காட்சியகத்தைப் புதுப்பிக்க 2025 செப்டம்பரில் மூடினார்கள், 2027இல் திறப்பதாகத் திட்டம். ஆனாலும் பாயூவில் தங்கலாம். 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரைகள் அரை மணி நேரத்தில் இருக்கின்றன. ஓமஹா கடற்கரைக்கு மேலே கொலவில் கிராமத்தில் அமெரிக்கப் படைவீரர்களின் கல்லறைத் தோட்டம், 9,000க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள். 13 வயதுப் பையனுக்கு எந்தப் பாடப்புத்தகமும் அதைப் புரியவைக்காது. பாதையும் சமதளம், அம்மா தாராளமாக நடக்கலாம்.

அங்கிருந்து மோன் சேன் மிஷேல், உச்சியில் மடம் நிற்கும் பாறைத் தீவு, 115 கிலோமீட்டர். இடையில் உள்ள ஏ84 சாலைக்குச் சுங்கம் இல்லை. வண்டியை இரண்டரை கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும், அங்கிருந்து இலவசப் பேருந்து உண்டு. மேலே உள்ள மடத்துக்கு 350 படி. அம்மாவுக்கு நான் அதைச் சொல்லப்போவதில்லை. கீழே மதில் ஓரம் உட்கார்ந்து வளைகுடாவைப் பார்க்கட்டும், உண்மையில் அதுதான் பார்க்கவேண்டியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றங்களில் கடல் மட்டம் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே 14 மீட்டர் வரை மாறும். காலையில் மணல் வெளியாகக் கிடந்தது மாலையில் கடலாகியிருக்கும். காலை பத்து மணிக்குப் போனால் நெரிசலில் மனிதத் தலைகள்தான் தெரியும். நாலரைக்கு மேல் போனால் சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிக்கொண்டிருக்கும்.

பிரிட்டனியில் நுழைந்தால் சுங்கச்சாவடியே கிடையாது. பாரிஸிலிருந்து ரென் நகருக்கு நேராக வந்தால் முப்பது யூரோ சொச்சம் கட்டவேண்டும், ஆனால் பிரிட்டனிக்குள் நான்கு வழிச் சாலைகள் எல்லாமே இலவசம். பிள்ளைகளுக்காக நான் பார்த்து வைத்திருப்பது சான் மாலோ. கோட்டை மதிலை ஒட்டிய கடற்கரையில் கடல்நீர்க் குளம் ஒன்று இருக்கிறது. கடல் ஏறும்போது குளம் மூழ்கிவிடும், குதிக்கும் மேடை மட்டும் தண்ணீருக்கு மேலே தனியாக நிற்கும். கடல் இறங்கினால் குளம் நிறைந்த தண்ணீரோடு மிஞ்சும், பிள்ளைகள் குதித்துக்கொண்டே இருப்பார்கள். இறக்க நேரத்தில் எதிரே உள்ள கிராண் பே தீவுக்கு நடந்தே போகலாம். எழுத்தாளர் ஷத்தோப்ரியானின் கல்லறை அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. திரும்பும் நேரத்தை மட்டும் கணக்குப் பார்க்கவேண்டும், கடல் யாருக்காகவும் காத்திருக்காது. சுற்றுலா அலுவலகத்தில் ஏற்ற இறக்க நேர அட்டவணை கிடைக்கும்.

பிரிட்டனியின் பெரிய குறை வானிலை. ஜூலையிலும் ஒரு நாள் மழை, ஒரு நாள் வெயில். கடல் நீர் 18 டிகிரியைத் தொட்டால் அதிகம். கோவைக்காரர்கள் கால் நனைத்ததும் ஓடிவந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தெற்கே 36, 37 டிகிரி அடிக்கும் வாரத்தில் இங்கே 23 டிகிரியில் காற்று வாங்கலாம்.

சாப்பாட்டில்தான் எனக்கு இந்த வழி பிடித்துப்போனது. பிரிட்டனியின் அன்றாடச் சாப்பாடு கலெத். பெயரில் 'கறுப்புக் கோதுமை' என்று இருந்தாலும் அது கோதுமை இனமே இல்லாத பக்வீட் மாவு. மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான் பழைய முறை. பிலிக் என்ற வட்ட இரும்புக் கல்லில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, சின்ன மரத்தடியால் சுழற்றித் தேய்ப்பார்கள். ஓரம் முறுகி மேலே எழும்பும்போது மடிப்பார்கள். முதல் முறை பார்த்தபோது எனக்குத் தெரு முனை தோசைக் கடைதான் ஞாபகம் வந்தது. வழக்கமான 'கொம்ப்ளேத்' கலெத்தில் பன்றி இறைச்சியும் முட்டையும் சீஸும் இருக்கும், அதைத் தொடவேண்டாம். காளான், சீஸ், வெங்காயம் போட்டது எல்லாக் கடையிலும் உண்டு. சில கடைகளில் மாவிலேயே முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொண்டு வாங்கவேண்டும். அம்மா சட்னி கேட்பார். அதற்கு வழி இல்லை.

தென்மேற்கு: தோர்தோன்

எனக்கு மட்டும் விடுமுறை என்றால் யோசிக்காமல் இங்கேதான் போவேன். பாரிஸிலிருந்து சார்லா ஐந்தரை மணி நேரம், ஏறக்குறைய 530 கிலோமீட்டர். வியர்ஸோன் தாண்டினால் பிரீவ் வரை ஏ20 சாலைக்குச் சுங்கம் இல்லை. சார்லா பக்கம் ஒரு ஜீத் பிடித்துவிட்டால் ஒரு வாரத்துக்குப் பெட்டியைத் தொடவே வேண்டாம். எல்லாமே ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது. பெனாக், காஸ்தெல்னோ கோட்டைகள் ஆற்றின் இருகரையிலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். நடுவில் தோர்தோன் ஆற்றில் துடுப்புப் படகில் மிதந்து வரலாம். புதன், சனிகளில் சார்லா சந்தை. படுக்கை மாற்றம் என்ற என் அளவுகோலில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

லாஸ்கோ குகை இங்கேதான். 1940 செப்டம்பரில் பதின்வயதுப் பையன்கள் நான்கு பேர் கண்டுபிடித்தார்கள். பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றே ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963இல் மூடிவிட்டார்கள். இப்போது பார்ப்பது 2016இல் திறந்த முழு நகல். நகலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு, தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் பெஷ் மெர்ல் இருக்கிறது. அசல் குகை, புள்ளிக் குதிரைகள், இன்றும் உள்ளே விடுகிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணித்தான் விடுவார்கள், முன்பதிவு இல்லாமல் போகக்கூடாது.

அம்மாவுக்கு ரொக்கமதூர் பிடிக்கும். செங்குத்தான பாறையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் யாத்திரைத் தலம், உள்ளே கரிய மாதா. 216 படிகள். பழைய காலத்தில் யாத்திரிகர்கள் முழங்காலாலேயே ஏறுவார்களாம். பழனிக்கு இழுவை ரயில் போல இங்கே லிஃப்ட் இருக்கிறது, அதனால் முழங்கால் கவலை இல்லை.

பிறகு ஏன் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை? முதல் காரணம் வெயில். ஜூலை பின்பாதியில் இந்தப் பள்ளத்தாக்கில் காற்றே அசையாத நாட்கள் உண்டு. கல் வீடுகளில் ஏ.சி. இருக்காது. காலை பத்துக்கு ஜன்னல் கதவுகளைச் சாத்தி இருட்டாக்கி வைத்துக்கொண்டு, மாலை ஏழுக்குத் திறப்பார்கள். "வெயிலுக்குப் பயந்துதானே அங்க வரோம்" என்று தம்பி மனைவி கேட்டது நியாயம். இரண்டாவது காரணம் வாத்து. ஊர் முழுக்க வாத்து. சைவம் என்று நம்பி உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினால், சார்லா உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்தது. எனக்கு இது தெரியவந்தது பாதித் தட்டு காலியான பிறகுதான். நான் தின்பவன், பரவாயில்லை. அம்மாவுக்கு அப்படி நடந்தால் மீதிப் பயணம் முழுக்க வாழைப்பழத்திலேயே ஓடும்.

இன்னொன்று, திரும்பும் வழியில் மீயோ பாலத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கிழக்கே போனால் மொத்தத் தூரம் இன்னும் கூடிவிடும். பாலம் பார்க்கத் தகுந்ததுதான். 2,460 மீட்டர் நீளம், உச்சி 343 மீட்டர். ஏ75 சாலையில் ஏறக்குறைய அந்தப் பாலத்துக்கு மட்டும்தான் சுங்கம். ஆனால் மேலே போகும்போது பாலம் தெரியாது, கீழே ஊரிலிருந்துதான் தெரியும்.

தெற்கு: ப்ரொவான்ஸ்

தம்பி மனைவியின் வாட்ஸ்அப் முகப்புப் படம் ஊதா நிற லாவெண்டர் வயல். அதனால் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது. வலான்சோல் மேட்டுநிலத்தில் லாவெண்டர் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரைதான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அறுவடை ஓடிக்கொண்டிருக்கும், பல வயல்கள் மொட்டையாகியிருக்கும். இன்னும் உயரத்தில் உள்ள ஸோ கிராமத்தைச் சுற்றி ஆகஸ்ட் தொடக்கம் வரைகூட இருக்கும். அதற்காக மட்டும் 700 கிலோமீட்டர் போகவேண்டுமா?

அவிஞோனில் ஜூலை முழுக்க நாடக விழா, 1947இலிருந்து நடக்கிறது. நாடகம் பார்ப்பவர்களுக்குச் சொர்க்கம், அறை தேடுபவர்களுக்கு நேர்மாறு. வெர்தோன் பள்ளத்தாக்கில் வண்டி நிறுத்த இடம் காலையிலேயே நிறைந்துவிடும். காட்டுத்தீ அபாயம் உள்ள நாட்களில் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள், அது முந்தைய மாலைதான் தெரியும். பிரான்ஸில் பதிவான உச்ச வெப்பம் 46 டிகிரி, 2019 ஜூன் 28 அன்று, மோன்பெலியே பக்கத்து வெராற்கில். மதுரையில்கூட நாம் அதைப் பார்த்ததில்லை.

தெற்கே போவதென்றால் பாரிஸிலிருந்து வண்டி ஓட்டவே கூடாது. ஒரு வழிச் சுங்கமே அறுபது யூரோவுக்கு மேல், லியோனுக்குக் கீழே ஏ7 சாலை கோடை நெரிசலுக்குப் பேர்போனது. அதிவேக ரயிலில் அவிஞோன் 2 மணி 40 நிமிடம். இறங்கிய நிலையத்திலேயே வண்டி வாடகைக்கு எடுக்கலாம். ஆறு பேர் ரயில் டிக்கெட் மலிவில்லை, ஆனால் இரண்டு நாள் மிச்சம். ஜூன் முதல் வாரத்திலோ செப்டம்பரிலோ வந்தால் இந்த வழிக்குத்தான் என் ஓட்டு. பொன்ட் து கார் என்ற ரோமானிய நீர்ப்பாலத்தின் கீழே ஆற்றில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்ப்பதற்காகவே போகலாம்.

அல்ஸாஸ், ஆல்ப்ஸ் வழியைத் தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொல்மார், அன்சி இரண்டும் சொல்லியிருப்பேன். 2,764 மீட்டர் உயர இஸரான் கணவாயின் வளைவுகளில் சின்னவளுக்கு வாந்தி வருவது உறுதி. மேட்டுப்பாளையம் தாண்டினாலே பாலிதீன் பை கேட்பவள்.

வண்டியைப் பற்றி

எந்த வழியானாலும் இது ஒன்றுதான். ஏழு இருக்கை வண்டி என்று விளம்பரத்தில் போடுவார்கள். மூன்றாம் வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் இரண்டு கைப்பெட்டிக்குத்தான் இடம். இந்தியாவிலிருந்து 23 கிலோப் பெட்டிகள் ஐந்தோடு வருகிறார்கள். ஒன்பது இருக்கை வேன் எடுங்கள், இல்லாவிட்டால் பெரிய பெட்டிகளை என் வீட்டில் விட்டுவிட்டு ஆளுக்கொரு துணிப்பை. நான் இரண்டாவதைத்தான் சொன்னேன், தம்பி முதலாவதைக் கேட்கிறான். கல் வீடுகளுக்கு நடுவே, கண்ணாடியை மடித்தால்தான் நுழைய முடிகிற கிராமத்துச் சந்துகளில் வேனை ஓட்டப்போவது அவன் இல்லை.

கியர் மாற்றாத வண்டி வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யவேண்டும், விலையும் கூடுதல். அவனும் ஓட்டுவதென்றால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வரவேண்டும். கிராமங்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்குத்தான் முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து நிற்காமல் வெளியே வருவார்கள், அவர்கள் பக்கம்தான் சட்டம். நெடுஞ்சாலை 130, மழை பெய்தால் 110, நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை பெரும்பாலும் 80. பம்பில் 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல், பெட்ரோல் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள்.

நார்மண்டி போகும் ஏ13இல் இப்போது சுங்கச்சாவடியே இல்லை. மேலே கேமரா வண்டி எண்ணைப் படம் எடுக்கும், நாம் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டவேண்டும். சாவடி இல்லாததால் இலவசம் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்துவிட்டேன் ஒரு முறை. கடிதம் வந்தது, சுங்கத்தைவிடப் பல மடங்கு. வாடகை வண்டியானால் நிறுவனம் அதன்மேல் தன் கட்டணத்தையும் போடும்.

முடிவு

மேற்குதான். அதிலும் பிரிட்டனியின் தென்கரையில் உள்ள கார்னாக்கின் ஆயிரக்கணக்கான நடுகற்களைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். 2025இல்தான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், அதைச் சொல்லித் தம்பி ஒரு மணி நேரம் வாதாடினான். நாங்கள் ஜீத் எடுத்திருக்கும் தினானிலிருந்து போய்வர நான்கு மணி நேரம் வண்டியில். வேண்டாம்.

வந்த இரவு எங்கள் வீடு. வியாழன், வெள்ளி பாயூ. சனிக்கிழமை மோன் சேன் மிஷேல் பார்த்துவிட்டு தினான் பக்கத்து ஜீத், அங்கே ஏழு இரவு. அடுத்த சனி, ஞாயிறு லுவார் ஆற்றங்கரையின் அம்புவாஸ், லியொனார்தோ தா வின்சி 1519இல் இறந்த வீடு அங்கே இருக்கிறது. ஷெனோன்ஸோ அரண்மனை ஒன்று போதும், ஷாம்போர் நேரம் இருந்தால். திங்கள் திரும்பி எங்கள் வீடு. மொத்தம் 1,000 கிலோமீட்டர், சில்லறைச் சுற்றல் தனி. வெளியே மூன்றே படுக்கை.

ஜீத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. போர்வை, துண்டு வாடகை தனி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாமே கொண்டுபோவோம். முதல் நாள் பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா ஷப்பேல் போய் இட்லி அரிசி, பருப்பு, கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம். அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அலுமினியக் குக்கரைக் கொண்டுவருகிறாராம், அங்கே அடுப்பு என்ன அடுப்பு? இங்கே பாதி வீடுகளில் இண்டக்‌ஷன், அதில் அந்தக் குக்கர் சூடே ஆகாது. வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டேன். நேற்று பதில் வந்தது, நான்கு அடுப்பும் கேஸ்.